அடங்காத எஞ்சினும் மூன்றாம் டாக்டரும்

பிறந்தது 1982 ஆகஸ்ட் 19. மின்னணுவியலில் பட்டயப் படிப்பை முடித்தது 2002 ஏப்ரல். அதே ஆண்டு ஜூன் 3, திங்கட்கிழமை, ஒரு கார் பட்டறையில் பில் எழுதும் வேலையில் சேர்ந்தார். 2004 இறுதியில் பில் மேசையை விட்டு எஞ்சின் பக்கம் வந்தார். சொந்தப் பட்டறையைத் தொடங்கியது 2009 பிப்ரவரி 2. இரண்டு அறைகள், மூன்று வண்டிகள் நிற்கும் முற்றம், வேலை செய்பவர் அவர் ஒருவரே. கணவர் அச்சகத்தில் பைண்டர். தெரு முழுவதும் அவருக்கு வழங்கும் பெயர் மூன்றாம் டாக்டர்.

அந்தப் பெயரை வைத்தவர் நான்கு கடை தள்ளிப் பட்டறை நடத்தும் மெக்கானிக். வேலையில் காட்டும் வேகத்துக்காக அவரை எல்லோரும் ஜெட் என்பார்கள். வண்டிகள் முதலில் ஜெட்டிடம் போகும். அங்கே தீரவில்லை என்றால் முதன்மைச் சாலையில் கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய சர்வீஸ் நிலையத்துக்கு, தெருவின் பேச்சில் கண்ணாடிக் கடைக்கு, போகும். அங்கும் தீராதபோதுதான் இந்த முற்றத்துக்கு வரும். "ரெண்டு டாக்டர் கைவிட்ட பிறகு கும்பிட்டுட்டு வர்ற இடம்" என்று ஜெட் கிண்டலாகச் சொன்னது, கிண்டல் உதிர்ந்து, பெயராக நின்றுவிட்டது. அவருக்கு அதில் வருத்தமில்லை. மூன்றாவதாக வரும் வண்டியில் ஏற்கெனவே இரண்டு பேர் என்னென்ன இல்லை என்று நிரூபித்திருப்பார்கள். அது பாதி வேலை என்பது அவர் கணக்கு.

மீதி வேலையை அவருடைய பதிவேடு செய்தது. பில் மேசைக் காலத்துப் பழக்கம் அது. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டங்கள்: வண்டிக்காரர் சொன்னது, வண்டி சொன்னது, செய்தது. முதல் கட்டத்தில் அவர் திருத்தம் எதுவும் செய்வதில்லை. 'காலைல எழுப்பினா எங்க வீட்டுப் பையன் மாதிரி முனகுது' என்று ஒருவர் சொன்னால், அதே சொற்கள் அதே வரிசையில் ஏறும். முனகல் என்பதற்கும் உறுமல் என்பதற்கும் நடுவே ஒரு பெல்ட் தேய்ந்திருக்கலாம் என்பதை அனுபவம் அவருக்குக் காட்டியிருந்தது. கணவர் தைத்து அட்டை போட்டுக் கொடுத்த பதிவேடுகள் 2023 செப்டம்பர் 13 வரை ஏழு. அவற்றில் ஏறியிருந்த வண்டிகள் 4,316.

செப்டம்பர் 14, வியாழக்கிழமை, காலை பத்து இருபதுக்கு ஒரு வெள்ளை டாக்சி முற்றத்தில் வந்து நின்றது. நின்ற பிறகும் அதன் எஞ்சின் ஓடும் வண்டியின் எஞ்சினைப் போல இரைந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தவர் அவருடைய கொழுந்தன்.

"அட, வழி தெரிஞ்சுதா தம்பி?" என்று வாசலிலேயே கேட்டார் டாக்டர்.

"ஆரம்பிச்சுட்டீங்களா அண்ணி! இதுக்குப் பயந்துதான் இத்தனை நாள் வரலை."

"எதுக்கு?"

"உங்க பதினோரு கேள்விக்கு. வேற கடையில சாவியை வாங்கிட்டு டீ குடிச்சுட்டு வாங்கன்னு அனுப்புவாங்க. நீங்க நாற்காலி போட்டு உட்கார வைச்சு சாட்சி விசாரிக்கிற மாதிரி விசாரிப்பீங்க."

"உட்காரு. விசாரணை ஆரம்பம்."

கொழுந்தன் உட்கார்ந்தார், ஆனால் நாற்காலியின் நுனியில். விஷயத்தைச் சொன்னபோது அவர் குரலில் விளையாட்டு இல்லை. டாக்சி அனுமதியைப் புதுப்பிக்க வண்டி பரிசோதனையில் தேற வேண்டும். ஆகஸ்ட் 24 அன்று தேறவில்லை. நிற்கும் வண்டியின் எஞ்சின் நிமிடத்துக்கு 1,420 சுற்று காட்டியது. செப்டம்பர் 5 அன்று 1,480. விதி அனுமதிப்பது 900. மூன்றாவது வாய்ப்பு இன்று பிற்பகல் மூன்று மணிக்கு. அதிலும் தவறினால் ஆறு மாதத்துக்கு அந்த வண்டி டாக்சியாக ஓடக் கூடாது. வீட்டில் அவர், அவர் மனைவி, இரண்டு வயது நிறையாத மகள். வருமானம் அந்த ஒரு வண்டி.

"காலை எடுத்தாலும் வேகம் குறைய மாட்டேங்குது அண்ணி. நேத்து ஒரு பெரியவர் பின்னாடி உட்கார்ந்துக்கிட்டு, 'வீட்டுல ஏதாவது சண்டையாப்பா, ஏன் இவ்வளவு கோபமா ஓட்டுறே'ன்னு கேட்கறார்."

டாக்டர் அதை அப்படியே முதல் கட்டத்தில் எழுதினார். பிறகு கேள்விகளைத் தொடர்ந்தார். எப்போது தொடங்கியது? ஜூலை கடைசியில். காலையில் மட்டுமா, நாள் முழுவதுமா? நாள் முழுவதும். அதற்கு முந்தைய வாரம் வண்டிக்கு என்ன நடந்தது? ஜெட்டிடம் பொதுவான சர்வீஸ் நடந்தது.

"அவன் என்ன செஞ்சான்?"

"எல்லாத்தையும் சுத்தம் பண்ணான். சுத்தம் பண்ணதுல இருந்துதான் இந்த ஆட்டம். அப்புறம் கண்ணாடிக் கடையில ஏதோ வால்வு போச்சுன்னு புதுசு மாத்தினாங்க. ஒரு மாற்றமும் இல்லை."

"பத்தாவது கேள்வி. இந்த ரெண்டு பேரைத் தவிர எஞ்சின்ல வேற யார் கை வைச்சது? எப்பவா இருந்தாலும் சொல்லு."

கொழுந்தன் யோசித்தார். "வேற யாரும் இல்லை அண்ணி."

டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார்: 'வேற யாரும் இல்லை.' பதினோராவது கேள்வியைக் கேட்கும் முன்பே கொழுந்தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டியதால், அன்று கேள்விகள் பத்தோடு நின்றன.

வண்டியின் கணினி சொல்வதைப் படிக்கும் ஸ்கேனரை அவர் மாட்டினார். எஞ்சினின் வெப்பம் 90 பாகை. குளிர்ந்த எஞ்சின் சற்று வேகமாக ஓடுவது இயல்பு, இது குளிர்ந்த எஞ்சின் அல்ல. கணினி கேட்கும் வேகம் 750. எஞ்சின் ஓடும் வேகம் 1,430. நிற்கும்போது வேண்டிய காற்றை அளந்து விடும் சிறு வால்வு, கண்ணாடிக் கடை புதிதாக மாற்றிய அதே வால்வு, சுழியத்தில் நின்றது. அந்தச் சுழியத்தை அவர் சற்று நேரம் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"என்ன அண்ணி, சிரிக்கிறீங்க? மணி ஓடிக்கிட்டிருக்கு."

"கம்ப்யூட்டர் பாவம்டா தம்பி. தன்னால முடிஞ்ச கதவை முழுசா சாத்திடுச்சு. இதுக்கு மேல சாத்த கதவு இல்லை. அப்படியும் காத்து உள்ள வருதுன்னா வேற ஒரு கதவு திறந்திருக்கு. அது எதுன்னு பார்த்தா போதும்."

"மூணு மணிக்குள்ள பார்ப்பீங்களா?"

"பன்னிரண்டுக்குள்ள."

முதலில் குழாய்களைப் பார்த்தார். எஞ்சின் காற்றை உறிஞ்சும் பாதையில் எங்காவது ரப்பர் வெடித்திருந்தால் அதன் வழியே கணக்கில் வராத காற்று புகும். ஒவ்வொரு குழாயாக இடுக்கியால் மெல்ல அழுத்தினார், சத்தம் மாறவில்லை. இணைப்புகளின் மேல் துப்புரவுத் திரவத்தைச் சிறிது சிறிதாகப் பீச்சினார். ஓட்டை இருந்தால் எஞ்சின் அதைக் குடித்துக் குரலை மாற்றியிருக்கும். மாற்றவில்லை. அடுத்து காற்று வடிகட்டியின் பெரிய குழாயைக் கழற்றிவிட்டு, எஞ்சினின் வாயைத் தட்டையான ரப்பர் தகட்டால் ஒரே மூச்சில் மூடினார். எஞ்சின் அந்தக் கணமே திணறி நின்றது.

கொழுந்தன் எழுந்து நின்றுவிட்டார். "ஐயோ! கொன்னுட்டீங்களே!"

"நிக்கணும்னுதான் மூடினேன். பின்பக்கம் எங்கயாவது ஓட்டை இருந்தா வாயை மூடினாலும் ஓடியிருக்கும். நின்னுடுச்சு. அப்போ திருட்டுக் கதவு பின்னாடி இல்லை. வர்ற காத்து மொத்தமும் முன்வாசல் வழியாத்தான் வருது."

முன்வாசல் என்று அவர் சொன்னது த்ராட்டில்: எஞ்சினின் காற்று வாயில் இருக்கும் வட்டத் தகடு. ஓட்டுநர் காலை அழுத்தினால் அது திறக்கும், எடுத்தால் மூடும். பெடலிலிருந்து வரும் கேபிள் தளர்வாகவே இருந்தது; அது தகட்டை இழுத்துப் பிடிக்கவில்லை. தகடு சுத்தமாகப் பளபளத்தது, ஜெட்டின் கைவேலை. ஆனால் டார்ச்சை மறுபக்கம் பிடித்தபோது தகட்டைச் சுற்றி மெல்லிய பிறை வடிவில் வெளிச்சம் கசிந்தது. மூட வேண்டிய கதவு மூடவில்லை. மூடவிடாமல் அதைத் தாங்கி நின்றது, தகட்டின் கடைசி நிலையைத் தீர்மானிக்கும் சிறு திருகாணி.

அந்தத் திருகாணியைத் தொழிற்சாலையில் வைத்து வெள்ளைப் பூச்சால் முத்திரையிட்டு அனுப்புவார்கள். யாரும் தொடக் கூடாது என்பது அதன் பொருள். வெள்ளை முத்திரை உடைந்திருந்தது. யாரோ திருகியிருக்கிறார்கள் என்பதைக் கொழுந்தனுக்கும் காட்டினார்.

இந்த நேரத்தில்தான் ஜெட் உள்ளே நுழைந்தார். தான் வேலை பார்த்த டாக்சி இங்கே நிற்பதைக் கண்டால் அவருக்குக் கால் தரையில் நிற்காது.

"என்ன டாக்டரம்மா, நம்ம நோயாளி இங்க வந்துட்டார்? இருக்காரா, போயிட்டாரா?"

கொழுந்தன் பொங்கிவிட்டார். "நீ செஞ்ச வேலைக்குப் போயிருக்கணும்! தொடக் கூடாத ஸ்க்ரூவைத் திருகி வைச்சிருக்கே. ரெண்டு தடவை பரிசோதனையில போச்சு, தெரியுமா உனக்கு? என் பிழைப்பே போகப் போகுது."

"நானா? ஸ்க்ரூவா?" ஜெட்டின் சிரிப்பு அறுந்தது. "நான் தகட்டைத்தான் துடைச்சேன். ஒரு விரல் தடிமனுக்குக் கரி இருந்துச்சு. ஸ்க்ரூ பக்கம் போகலை."

"வேற யாரும் தொடலையே! நீ இல்லைன்னா பேயா வந்து திருகிச்சு?"

"என்னப்பா வாய்க்கு வந்ததைப் பேசறே? அவசரப்படுவேன், ஒத்துக்கறேன். தெரியாததுல கை வைக்க மாட்டேன்."

இருவர் குரலும் தெருவரை போயின. டாக்டர் எதையும் கேட்கவில்லை. அவர் கண்ணாடியை மூக்குக்கு நகர்த்தி, டார்ச்சை நெருக்கமாகப் பிடித்து, திருகாணியின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடைந்த வெள்ளைப் பூச்சின் மேல் இன்னொரு பூச்சு இருந்தது. கரி படிந்து மங்கிய மெரூன் நிறம். விரலால் துடைத்தார். நகப்பூச்சு. ஒரு சொட்டு, ஓரத்தில் சிறு வால் இழுத்து உலர்ந்திருந்தது. நகரும் திருகாணியை நகராமல் வைக்க நகப்பூச்சு இடுபவர் அந்தத் தெருவில் ஒருவர்தான்.

மெல்ல மெல்ல எல்லாம் நினைவுக்கு வந்தது. கொழுந்தனின் மகள் பிறந்து மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த நாள். இந்த வண்டி ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று செத்தது. பின்னிருக்கையில் பச்சைக் குழந்தை, அதன் தாய், மடியில் துணிமூட்டைகள். சாலையோரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, கைப்பையிலிருந்த சிறு திருப்புளியால் அவர் அந்தத் திருகாணியைச் சற்றே ஏற்றினார். கரி அடைத்து மூச்சு முட்டிய எஞ்சினுக்குக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டார். அதே கைப்பையில் நகப்பூச்சு இருந்தது. ஒரு சொட்டு வைத்தார். 'ஒரு வாரத்துக்குள்ள பட்டறைக்குக் கொண்டு வா, கரியைத் துடைச்சுட்டு இதைப் பழைய இடத்துக்கு இறக்கிடலாம்' என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது. வண்டி வரவில்லை, அவரும் கேட்கவில்லை. நாலாயிரத்துச் சொச்சம் வண்டிகளை எழுதி வைத்தவர், இதை எழுதவில்லை. வீட்டு வண்டிகளை அவர் பதிவேட்டில் ஏற்றியதே இல்லை. வீட்டில் செய்வது வேலை என்று அவருக்கும் தோன்றவில்லை, செய்துகொண்டவருக்கும் தோன்றவில்லை. அதனால்தான் பத்தாவது கேள்விக்கு அப்படி ஒரு பதில் வந்தது.

அடைத்திருந்த கரி போகும்வரை அந்தத் திருகாணி சரியாகவே இருந்தது. ஜெட் கரியைத் துடைத்தார்; அதுவும் சரி. இரண்டு சரியும் சேர்ந்து 1,430 ஆனது.

இப்போது யாரும் பார்க்கவில்லை. ஒரு துணியால் துடைத்தால் மெரூன் போய்விடும். திருகாணியை இறக்கினால் எஞ்சின் அடங்கும். ஜெட்டுக்கு ஒரு பழி கூடும். இன்றோ நாளையோ அது மறந்தும் போகும். அந்த எண்ணம் ஒரு நொடி வந்தது, வந்த வழியே போனது. டாக்டர் நிமிர்ந்தார்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. திருகினது நான்."

இருவரும் எஞ்சின் பக்கம் வந்தார்கள்.

"தம்பி, பாப்பாவைக் கூட்டிட்டு வந்தமே, வழியில வண்டி நின்னு நின்னு போச்சே, அப்போ. இந்தா, என் நகப்பூச்சு. ஒரு வாரத்துல இறக்கியிருக்கணும். இறக்கலை. எழுதி வைக்கவும் இல்லை. ஜெட் மேல ஒரு தப்பும் கிடையாது. அவன் துடைச்சது சரி."

கொழுந்தன் டார்ச்சை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் எங்கே போய் அமர்வது என்று தெரியாமல் அலைந்தது. "அப்போ இத்தனை நாள் ஊர் முழுக்க நான் தேடின குற்றவாளி எங்க அண்ணியா? ஞாயித்துக்கிழமை தோறும் அந்த வீட்டுலதானே சாப்பிடறேன்!"

"ஆமா. நீயும் வரலை, நானும் கேட்கலை. ஆனா ஸ்க்ரூ என் கையில இருந்தது. கணக்கு என்னுது."

ஜெட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்களில் பழைய ஒளி திரும்பியிருந்தது. "டாக்டரம்மா, இதை நான் தெருவுல சொல்லலாமா?"

"தாராளமா சொல்லு. சரியா சொல்லு. தேதி 2021 நவம்பர் 6. எவ்வளவு திருகினேன்னு இப்போ இறக்கும்போது எண்ணித் தர்றேன். அதையும் சேர்த்துச் சொல்லு."

ஜெட் தலையைச் சொறிந்தார். அதன் பிறகு அந்தச் செய்தியில் அவருக்குப் பெரிய சுவை இருக்கவில்லை போலும். டார்ச்சை அவரே பிடித்துக்கொண்டார்.

டாக்டர் மெரூன் பூச்சைச் சுரண்டினார். திருகாணியை முழுவதுமாகத் தளர்த்தி, தகடு தானாக மூடும்வரை விட்டார். பிறகு தகட்டை அசைக்கும் நெம்புகோலைத் தொடும் இடம்வரை மெல்ல ஏற்றி, தகடு குழாயின் சுவரில் சிக்கிக்கொள்ளாமல் இருக்க இன்னும் அரைச் சுற்று ஏற்றினார். பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் இடையே ஒன்றேகால் சுற்று. மறுபக்கத்து வெளிச்சக் கீற்று மறைந்திருந்தது. பேட்டரியைக் கழற்றி, இருபது மாதத்துக்கும் மேலாகத் தவறான கதவுக்குப் பழகியிருந்த கணினியின் நினைவைத் துடைத்தார். பதினைந்து நிமிடம் கழித்து மாட்டி, சாவியைத் திருப்பச் சொன்னார். அப்போது மணி பன்னிரண்டு ஐந்து.

எஞ்சின் எழுந்தது, குலுங்கியது, நின்றது. மறுபடி எழுந்தது. 480. வண்டியே நடுங்கியது. 520. நின்றது.

கொழுந்தன் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டினார். "அண்ணி, முன்ன இருந்ததே தேவலை! அது ஓடவாவது செஞ்சுது. இப்போ நிக்கவே மாட்டேங்குதே."

"நிக்குதே, அதானே பிரச்சினை" என்றார் ஜெட்.

"நீ வாயைத் திறக்காதே!"

"ரெண்டு பேரும் ஸ்கேனரைப் பாருங்க" என்றார் டாக்டர். குரல் உயரவில்லை. "அந்த வால்வு சுழியத்துல இல்லை. பத்து, பன்னிரண்டு, பதினெட்டு. கம்ப்யூட்டர் கதவைத் திறக்கக் கத்துக்குது. நீ வண்டி ஓட்டக் கத்துக்கிட்டப்போ எத்தனை தடவை எஞ்சினை நிறுத்தினே? இதுக்கும் அந்த உரிமை உண்டு. மறுபடி போடு. பெடல்ல கால் வைக்காதே. லைட், ஏசி, பாட்டு எதுவும் வேண்டாம்."

மூன்றாவது முறை எஞ்சின் நிற்கவில்லை. 560 காட்டியது, 640 போனது, 900க்குத் துள்ளியது, இறங்கியது. டாக்டர் ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணை எழுதினார். பத்தாவது நிமிடத்தில் 780. பிறகு ஏசியைப் போடச் சொன்னார். ஒரு கணம் தாழ்ந்து, தன்னைத் தாங்கிக்கொண்டு நின்றது. அணைக்கச் சொன்னார், துள்ளாமல் இறங்கியது. முற்றத்தில் திடீரென்று மற்ற ஓசைகள் எல்லாம் கேட்கத் தொடங்கின: எதிர்வீட்டுத் தையல் மெஷின், தண்ணீர் தொட்டி நிரம்பி வழிவது, ஜெட்டின் பெருமூச்சு.

"நல்லாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டார் ஜெட். "ஆனா நான் துடைச்சதால நல்லா இருக்கு."

"அதையும் எழுதறேன்" என்றார் டாக்டர். எழுதினார்.

பரிசோதனை நிலையத்துக்கு அவரும் உடன் போனார். தானே ஏற்றிய திருகாணியைத் தானே இறக்கியிருந்ததால், எண்ணைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். வழியில் கணவரிடமிருந்து தொலைபேசி வந்தது.

"தம்பி வண்டி என்னாச்சு? யார் கெடுத்து வைச்சிருந்தாங்களாம்?"

"நான்தான்."

"சரி. சாயங்காலம் வந்து சொல்லு. சாப்பிட்டியா?"

"இல்லை."

"அவனையும் சாப்பிட வை."

வண்டி ஐந்து சிக்னல்களில் நின்றது. ஐந்திலும் எஞ்சின் குரலை உயர்த்தவில்லை. ஐந்தாவதில் கொழுந்தன் ஸ்டியரிங்கில் இருந்து இரு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பல வாரங்களாக அவர் வண்டியில் அப்படி உட்கார்ந்ததில்லை.

மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வரிசையில் அவர்களுடைய முறை வந்தது. பரிசோதகர் வண்டியை அடையாளம் கண்டுகொண்டார்.

"மறுபடியும் நீங்களா? இந்தத் தடவை யார் பார்த்தது?"

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தார்.

"நான்தான்" என்றார் டாக்டர். "கெடுத்ததும் நான், சரி பண்ணதும் நான்."

"படிவத்துல அதுக்கு ஒரு கட்டம்தான் இருக்கும்மா."

"ரெண்டாவதை எழுதுங்க. முதலாவதை நான் என் பதிவேட்டுல எழுதிக்கறேன்."

பரிசோதகர் சிரிக்காமல் குழாயைப் பொருத்தி, கம்பியை மாட்டி, அளவுமானியின் பொத்தானை அழுத்தினார். முப்பது நொடி இடைவெளியில் மூன்று அளவுகள் எடுப்பது அங்கே விதி; மூன்றில் எதுவும் 900ஐத் தாண்டக் கூடாது. கொழுந்தன் எண்ணைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் அளவு 770. இரண்டாவது 760. மூன்றாவது 760.